கல்லுக்கு அடியில் இருக்கும் வேலை

கையால் செய்த கல் மோதிரத்தில் வேலையின் தரம் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, வளையத்தின் இரு முனைகளும் சேரும் பற்று. மற்றது, கல்லைச் சுற்றி எழும்பி அதைப் பிடித்து நிற்கும் தகட்டுக் கூடு. வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் தெரிவதில்லை. வேலை நன்றாக அமைந்திருந்தால் தெரியவும் கூடாது. தராசு எடையைச் சொல்லிவிடுகிறது, முத்திரை மாற்றைச் சொல்லிவிடுகிறது. பற்று எப்படி ஓடியது, கல் எப்படி உட்கார்ந்தது என்று சொல்ல எந்தச் சீட்டும் இல்லை. தங்கத்துக்கு விலை கட்டத் தெரிந்த நாம் வேலைக்கு விலை கட்டக் கற்கவில்லை. கைவேலை மோதிரம் நலிவதற்கு எந்திரங்களைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் முடிவு. தெற்கே நெய்யாற்றின்கரைக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட நிலத்தை வைத்து இதைப் பார்க்கலாம். கல், உலோகம், கைவேலை மூன்றும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த நிலப்பகுதிகள் குறைவு.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்மேற்கு மூலையில், நெய்யாறு கடலில் சேரும் பூவாறுக்கு அருகே இருக்கிறது குளத்தூர். அங்கிருந்து பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்கு வந்தால் தமிழ்நாடு. இந்த எல்லைக் கோடு 1956 நவம்பர் 1-ஆம் தேதி விழுந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன் எல்லாம் ஒரே திருவிதாங்கூர். உலோகத்தைப் பற்றவைக்க இந்தப் பக்கம் ‘பொடி வைத்து ஊது’ என்பதை அந்தப் பக்கம் ‘விளக்கித் தா’ என்று கேட்பார்கள். பட்டறையில் நடப்பது ஒரே வேலைதான். நகைகளில் மட்டும் இரண்டு சுவை உண்டு. கேரளப் பக்கம் பச்சைக் கல்லையோ கண்ணாடியையோ பொன் கூட்டுக்குள் அடைத்துச் செய்யும் பாலக்கா மாலையும், நாகப்படத் தாலியும். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் சிவப்புக் கெம்பும் பச்சையும் வெள்ளையும் நெருங்கப் பதித்த கோவில் நகை. இரண்டிலும் கல்லைக் கம்பி நகங்கள் தூக்கிப் பிடிப்பதில்லை. சுற்றிலும் சுவர் எழுப்பி, அந்தச் சுவரின் விளிம்பையே கல்லின்மேல் மடக்குகிறார்கள். இன்று கடைகளில் மிகுதியாக விற்கும் வைர மோதிரங்களின் வழியே வேறு: நாலு நகம், அடியில் திறப்பு, வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பட்டை தீட்டிய கல்லுக்கு அது பொருந்தும். உருண்டை முதுகுடைய கல்லுக்குக் கூடுதான் இயல்பு.

அப்படிப்பட்ட கல் இந்த மண்ணிலேயே கிடைக்கிறது என்பதை உள்ளூர்க்காரர்களே பலர் அறிவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பழம்பாறைகளை ஊடுருவிச் செல்லும் பெக்மடைட் நரம்புகளில் கிரிசோபெரில் என்னும் கனிமம் இருக்கிறது. பாறை சிதைந்து உதிர்ந்ததும், கனமான அந்தக் கல் ஆற்றுச் சரளையில் தங்கிவிடும். நெய்யாறு, கரமனையாறு, வாமனபுரம் ஆறு ஆகியவற்றின் படுகைகளில் நிலவியலாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிலியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்தக் கனிமத்தின் கடினம் 8.5; வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் அடுத்த வரிசை. இதில் மெல்லிய இழைகள் ஒரே திசையில் நெருங்கி ஓடினால், உருட்டித் தேய்த்த முதுகில் ஒற்றை ஒளிக்கோடு நகரும். அதுவே வைடூரியம். குரோமியம் கலந்து, பகலில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் மாறினால் அலெக்சாண்ட்ரைட். இவற்றுக்காகக் காட்டுப் பகுதிகளில் அனுமதியின்றிக் குழி தோண்டி வழக்கானதும் உண்டு. ஆற்றுக்கரையும் மலைச்சரிவும் சிதையும் அந்த வழியில் கல் வருமானால் அது வராமலிருப்பதே நல்லது. முறையான உரிமம், கல் எங்கிருந்து வந்தது என்ற பதிவு, உள்ளூரிலேயே தீட்டும் பட்டறை ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்தால்தான் இந்தக் கல்லால் இந்த ஊருக்குப் பயன்.

வைடூரியம் பொற்கொல்லருக்குச் சிரமம் தரும் கல். ஒளிக்கோடு நடுவில் நேராக நிற்க, கல்லின் அடித்தளம் இழைகளுக்கு இணையாக அமைய வேண்டும். அப்படி அமைந்தால் கோடு இழைகளுக்குக் குறுக்கே விழும். தீட்டுபவர் காரட் எடையை இழக்க மனமில்லாமல் அடிவயிற்றைப் பருமனாக, பல நேரம் மெருகில்லாமல் விட்டுவிடுவார். தட்டையான அடி இருந்தால் ஒரு தகட்டின்மேல் சுவரைப் பற்றவைத்து முடித்துவிடலாம். வயிறு பெருத்த கல்லுக்குக் கூட்டின் உள்ளே ஒரு படி வேண்டும். கல்லின் இடுப்பு அந்தப் படியில் அமரும், வயிறு கீழே தொங்கும். அதற்கு வெளிச்சுவர் ஒன்று, அதனுள் இறுக நுழையும் குட்டைச் சுவர் ஒன்று என இரண்டு வளையங்கள். அடிப்பக்கம் திறந்திருப்பதில் வேறொரு வசதியும் உண்டு. ராசிக்கல் தோலில் பட வேண்டும் என்று கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். நவரத்தின மோதிரங்களும் இந்தக் காரணத்தாலேயே பெரும்பாலும் அடி திறந்தே செய்யப்படுகின்றன.

சுவரின் உயரத்தைக் கண்டுபிடிப்பதில்தான் அனுபவம் தெரியும். கல்லின் முதுகு உள்நோக்கி வளையத் தொடங்கும் இடத்தைச் சற்றே தாண்டி விளிம்பு நிற்க வேண்டும். குறைந்தால் கல் ஒருநாள் கழன்று விழும். கூடினால் மடக்கும்போது விளிம்பு சுருங்கி மடிப்பு விழும், கல்லின் நிறமும் பாதி மறைந்துபோகும். சுவர்த் தகடு மென்மையாக இருக்க வேண்டும். வெள்ளி மோதிரமானால் உடலுக்கு 92.5 சதவீத வெள்ளியும் கூட்டுக்கு ஏறக்குறையத் தூய வெள்ளியும் பயன்படுத்துவது இதற்காகத்தான். தூய வெள்ளி எளிதில் மடங்கும், சூட்டில் கறுக்காது. மடக்கும்போது ஒரு பக்கத்தில் தொடங்கி வட்டமாகச் சுற்றி வந்தால் மிச்சத் தகடு கடைசியில் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஆகவே முதலில் எதிரெதிராக நாலு இடம், பிறகு அவற்றுக்கு இடையே நாலு இடம், பிறகு அவற்றுக்கும் இடையே. கடைசியாக மெருகுக் கம்பியால் விளிம்பைத் தேய்த்து மூட வேண்டும். சதுரக் கல்லானால் மூலைகளில் அழுத்தக் கூடாது. மரகதத்தின் மூலை அங்கேதான் தெறிக்கும். கிரிசோபெரிலின் கடினம் இங்கே கைகொடுக்கிறது. எஃகு அரம் அதைக் கீறாது என்பதால் விளிம்பை அஞ்சாமல் அராவலாம். கடினம் 6-ஐ ஒட்டிய சந்திரகாந்தக் கல்லிலோ, அதைவிட மென்மையான பவளம், முத்துகளிலோ அதே அரம் பட்டால் கல் கெட்டுவிடும்.

இவையெல்லாம் நெருப்பு வேலை முழுக்க முடிந்த பிறகே நடக்கும். முத்தும் பவளமும் சூட்டில் அழியும். மரகதத்தின் விரிசல்களில் ஊறியிருக்கும் எண்ணெய் வெளியேறிப் பிளவு தெரியும். மாணிக்கம் சூட்டைத் தாங்கும், ஆனால் உருகிய வெண்காரம் அதன் மேல்பரப்பை அரித்துவிடும். கல் பதித்த மோதிரத்தை அளவு கூட்டக் கொண்டுவந்தால் நல்ல ஆசாரி முதலில் கல்லைக் கழற்றுவார். கழற்றாமலே ஊதித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இனிப் பற்று. மோதிரத்தின் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 1.5 என்றால், வெட்ட வேண்டிய நீளம் இரண்டையும் கூட்டிய 18.5-ஐ 3.14-ஆல் பெருக்கியது, ஏறத்தாழ 58 மில்லிமீட்டர். கனத்தைச் சேர்க்காமல் கணக்கிட்டால் மோதிரம் விரலில் ஏறாது. இரண்டு முனைகளையும் சதுரமாக அராவி, வெளிச்சம் ஊடுருவாதபடி நெருக்க வேண்டும். பற்றவைக்கும் உலோகக் கலவையான பொடி, இடைவெளியை அடைப்பதற்கான பொருள் அன்று. நெருங்கிய இரண்டு பரப்புகளுக்கிடையே தானாக ஏறி ஓடுவது அதன் குணம். இடைவெளி இருந்தால் ஒரு பக்கத்திலேயே உருண்டு நின்றுவிடும். வெண்காரத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவிச் சூடாக்கினால் முதலில் பொங்கி வெண்மையாகும், பிறகு 740 டிகிரி செல்சியஸ் அளவில் கண்ணாடிபோல் உருகி, செம்பின் கறுப்பைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அதன்பின் பொடி உருகி, சூடு மிகுந்த பக்கம் நோக்கி ஓடும். ஊதுகுழலைப் பிடிக்கும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியது இந்த ஒரே விதி: சுடரை எங்கே காட்டுகிறோமோ அங்கே பொடி போகும்.

இதில் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. 92.5 வெள்ளி 800 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். முக்கால் பங்கு வெள்ளி கலந்த கடினப் பொடி 740-இல் இளகி 780-ஐத் தாண்டி முழுதாக ஓடும். துத்தநாகம் கூடிய எளிய பொடி 670-இல் தொடங்கும். வளையத்தின் பற்று, கூட்டுச் சுவரின் பற்று, கூட்டை வளையத்தோடு சேர்க்கும் பற்று என்று ஒரே மோதிரம் பலமுறை நெருப்பைக் காணும்போது, முதல் பற்றுக்குக் கடினப் பொடியும் கடைசிக்கு எளிய பொடியும் வைத்தால்தான் முன்னவை திறந்துகொள்ளா. கூட்டுச் சுவர் மெலிது, மோதிர உடல் கனம். சுடரை நேரே காட்டினால் சுவர் உருகி விழுந்த பிறகும் உடல் சூடேறாமல் இருக்கும்; எனவே அடியிலிருந்து கனமான பகுதியை முதலில் சூடாக்க வேண்டும். இவ்வளவையும் வெப்பமானி இல்லாமல், அரை இருட்டில், உலோகத்தின் சிவப்பைப் பார்த்தே செய்கிறார்கள். பட்டறைகள் வெளிச்சம் குறைந்திருப்பதற்குச் சூட்டின் நிறத்தைக் கண்டறிவதும் ஒரு காரணம். உள்ளே காற்று அடைபட்ட பொள்ளல் உருவானால் ஒரு சிறு துளை விட்டே பற்றவைக்க வேண்டும், இல்லையேல் வெடிக்கும்.

தங்கத்தில் ஒரு கணக்கும் வந்து சேர்கிறது. பொடி, தான் இணைக்கும் தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். அதற்காக வெள்ளியும் செம்பும் கூடச் சேர்ப்பார்கள். அதனால் மாற்றுக் குறையும். 4 கிராம் மோதிரத்தில் 3.9 கிராம் 22 காரட் தங்கமும் 0.1 கிராம் 18 காரட் பொடியும் இருந்தால், மொத்தத்தை உருக்கும்போது தூய்மை 91.67 சதவீதத்திலிருந்து 91.25-க்கு இறங்கும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் 916 என்ற வரம்புக்குக் கீழே போய்விட்டது. பற்று கூடக் கூட, அதாவது கைவேலை நுணுக்கமாகக் கூட, இந்த இறக்கமும் கூடும். ஒரே அச்சில் வார்த்த மோதிரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தூய்மையை மட்டும் அளக்கும் முறை வார்ப்புக்குத் தானாகவே சலுகை தந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழியே கேடிஎம் என்னும் காட்மியப் பொடி. காட்மியம் 321 டிகிரியில் உருகும். தங்கத்தில் சிறிதளவு கலந்தாலே உருகுநிலை நன்றாக இறங்கும் என்பதால் 92 சதவீதத் தங்கத்திலேயே பொடி செய்ய முடிந்தது. கடைப் பலகைகளில் ‘கேடிஎம்’ தரத்தின் பெயராக மின்னியது. ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். தங்கப் பற்று நடக்கும் சூடு அதற்கு மேல். ஆவி முழுவதும் ஊதுகுழலுக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்திருப்பவரின் நுரையீரலுக்குள் சென்றது. ஒரேயடியாக மூச்சில் இழுத்தால் நுரையீரல் அழற்சி, சிறுகச் சிறுக இழுத்தால் சிறுநீரகச் சிதைவு. 1993-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை காட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. வாங்குகிறவரின் கைக்குத் தூய்மை வர, செய்கிறவரின் மூச்சு விலையாகப் போன வரலாறு இது. நம் நகைக் கடைகளின் கதைகளில் இதை யாரும் சொல்வதில்லை, சொல்லியாக வேண்டும். இப்போது துத்தநாகமும் இண்டியமும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன, பெரிய பட்டறைகளில் பொடியே வேண்டாத லேசர் வந்திருக்கிறது. வீட்டுத் திண்ணைப் பட்டறைக்கு லேசரின் விலை எட்டாது. ஒரு புகைபோக்கி விசிறியாவது எட்டும். அதையாவது எல்லா இடத்திலும் காண வேண்டும்.

பொடியின்றி இணைக்கும் பழைய வழிகளும் உண்டு. குந்தன் வேலையில் 24 காரட் தங்கத்தை நூலிழைக் கனமுள்ள தகடாக்கி, கல்லுக்கும் கூட்டுக்கும் இடையே ஊசிமுனைக் கருவியால் அழுத்துவார்கள். தூய தங்கத்தின் மேல் ஆக்சைடு படலம் இல்லாததால் அழுத்தத்திலேயே தகடும் தகடும் ஒன்றாகிவிடும், நெருப்பே வேண்டாம். மென்மையான கல்லும் இதில் பிழைக்கும், மாற்றும் இறங்காது. இன்னொரு வழி செம்பு உப்பைப் பசையில் குழைத்துத் தடவி, சூட்டில் அது செம்பாகித் தங்கத்தோடு கலப்பது. பொன்மணிகளைத் தகட்டில் ஒட்டிய பழைய உலகின் நுட்பம். 1930-களில் இங்கிலாந்தின் லிட்டில்டேல் அதைத் திரும்பக் கண்டெடுத்தார்.

வடசேரியின் கோவில் நகை குந்தனுக்கு உறவு. வெள்ளித் தகட்டில் உருவம் செய்து, அரக்கு நிரப்பி, கல்லை அமர்த்தி, தங்கத் தகட்டை இடுக்குகளில் அழுத்துகிறார்கள். கோவில் திருமேனிகளுக்கென்று முழுத் தங்கத்தில் இருந்த கலை, 1930-களில் பரதநாட்டியம் மேடைக்கு வந்த பிறகு நடனக்காரர்களுக்காக வெள்ளியில் தங்க முலாமாகப் பெருகியது. ருக்மிணி தேவி 1935-இல் மேடையேறி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திராவைத் தொடங்கியதும் அந்தத் தேவைக்கு முக்கியமான உந்துதல். ராக்கொடி, சடைநாகம், சூரிய சந்திரப் பிறை, வங்கி, ஒட்டியாணம் என்று தலை முதல் இடை வரை இன்று மேடையில் காணும் செட்டு அப்படி உருவானது. இடையில் கல்லும் மாறியது. 1902-இல் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்த பின் செயற்கைச் சிவப்புக் கல் மலிந்தது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலானது. கல் செயற்கையாகிவிட்டதால் வேலையும் போலி என்று சொல்லக் கூடாது. மூடிய கூட்டில் கல்லுக்கு அடியில் பளபளப்பான தகடு விரித்து நிறத்தைத் தூக்கிக் காட்டும் நுட்பம் விலையுயர்ந்த கல்லிலும் மலிவான கல்லிலும் ஒன்றுதான். அதன் பலவீனமும் ஒன்றுதான்: விளிம்பில் மயிரிழை திறந்தாலும் தண்ணீர் இறங்கும், தகடு மங்கும், கல் கறுத்துப்போகும். மூடிய கூட்டு மோதிரத்தை அணிந்து கை கழுவினால் சில ஆண்டுகளில் இது நடக்கும். அன்றாடம் அணிய அடி திறந்த கூடு, விசேஷத்துக்கு மூடிய கூடு என்று பிரித்துக்கொள்வது அறிவுடைமை.

நாகர்கோவில் கோவில் நகைக்கு 2007-08-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காக்கப்பட்டது, கூலி காக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

கல்லும் பொன்னும் தமிழ் நிலத்தில் சேர்ந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைத் தடயங்கள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்தன. இந்த நீண்ட தொடர்ச்சியில் பெரிய அடி 1963-இல் விழுந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யத் தடை விதித்தன. அந்நியச் செலாவணியைக் காப்பதும் கடத்தலைத் தடுப்பதும் நோக்கம். விளைந்தது பொற்கொல்லர்களின் பட்டினி. நாடெங்கும் பலர் தொழிலை விட்டார்கள், தற்கொலைச் செய்திகளும் வந்தன. 14 காரட்டில் தங்கம் பாதியைச் சற்றே தாண்டும். மிச்சம் செம்பும் வெள்ளியும். அந்த உலோகம் விறைப்பானது, கல்லின்மேல் மெல்ல மடங்காது. 24 காரட் தகடு இல்லாமல் குந்தன் வேலை நடக்கவே நடக்காது. காரட் தடை சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. தகப்பனிடமிருந்து மகன் கற்கும் தொழிலில் இவ்வளவு நீண்ட இடைவெளி ஒரு தலைமுறையையே வேறு வேலைக்கு அனுப்பப் போதும்.

இன்றைய நிலை வேறு விதமான நெருக்கடி. திருச்சூரிலும் கோவையிலும் பெரிய பட்டறைகள் மெழுகு அச்சில் வார்த்துக் குவிக்கின்றன. மெழுகிலேயே கல்லைப் பதித்து வார்க்கும் முறையும் வந்துவிட்டது. விலையிலும் வேகத்திலும் கிராமத்து ஆசாரி போட்டியிட முடியாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பொற்கொல்லரும் உண்டு: கருவிக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் வரை கடன். நல்ல உதவி. ஆனால் கருவி இருந்தும் வேலை வராததே இங்குள்ள சிக்கல். கடன் அதைத் தீர்க்காது.

வேலை வராத இந்தச் சிக்கலின் நடுவே, தங்கத்தின் தூய்மைக்கு முத்திரையிடும் ஹால்மார்க் விதி வந்து நிற்கிறது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாகி, 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து எண் கொண்ட ஹெச்யூஐடி இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்றானது. வாங்குகிறவருக்கு இது பெரும் காப்பு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2 கிராமுக்குக் குறைந்த பொருளுக்கும், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கும் விலக்கு உண்டு. விலக்குத் தந்தது நியாயமே: அரக்கும் கல்லும் தகடும் சேர்ந்த நகையை உருக்காமல் சோதிப்பது கடினம். எனினும் விலக்கப்பட்ட இடத்தில் வேறு எந்த அளவுகோலும் வைக்கப்படவில்லை. ஹெச்யூஐடி கேட்டுப் பழகிய வாடிக்கையாளர் அது இல்லாத கைவேலையைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். மொத்த எடையில் கல்லையும் அரக்கையும் தங்க விலைக்கு விற்பவர்கள் அந்தச் சந்தேகத்துக்கு உரம் போட்டிருக்கிறார்கள்.

விதிப்படி, ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடையும் தூய்மையும் தனியாக இருக்க வேண்டும். கைவேலைக் கல் மோதிரத்துக்கு இதை இன்னும் விரித்து எழுதலாம்: கல் என்ன, இயற்கையா செயற்கையா, அதன் எடை எவ்வளவு, கூடு மூடியதா திறந்ததா, பற்றுகள் எத்தனை, பொடியில் காட்மியம் இல்லை என்ற உறுதி, கூலி சேதாரத்துக்குள் கரையாமல் நேர வேலையாகத் தனி வரியில். சேதாரம் சதவீதக் கணக்கில் இருக்கும்வரை தங்கம் விலை ஏறினால் கடைக்காரர் பங்கு ஏறும், ஆசாரியின் நாள்கூலி ஏறாது. ஒரு வைடூரியத்துக்குப் படிவைத்த கூடு கட்டும் உழைப்பு, தங்கம் கிராம் என்ன விலைக்கு விற்றாலும் மாறுவதில்லை.

இத்துடன் செய்தவரின் அடையாளமும் வேண்டும். பிரிட்டனில் நகை முத்திரைகளோடு அதைச் சோதனைக்கு அனுப்பியவரின் எழுத்துக் குறியும் கட்டாயம். நம் ஹால்மார்க்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) சின்னமும் தூய்மையும் எண்ணும் இருக்கின்றன. கண்ணால் படித்து ‘இது இன்னார் கை’ என்று சொல்ல வழியில்லை. புவிசார் குறியீடு பெற்ற வடசேரியிலேயே இதைத் தொடங்கலாம். வளையத்தின் உட்பக்கம் இரண்டு தமிழ் எழுத்து பொறிக்க ஓர் அச்சு போதும். எல்லைக்கு அப்பால் பாறசாலை, குளத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகள் மலையாள எழுத்தில் பொறிக்கட்டும். கல் கழன்றாலும் பற்று விட்டாலும் திரும்ப எடுத்துச் செல்ல ஒரு முகவரி இருக்கும். அந்தக் கூட்டைத் திறந்து மீண்டும் மூடத் தெரிந்தவரும் அதைக் கட்டியவரே.